தரை டிக்கெட்

தமிழ் இசை நாடகத்தின் சரித்திரம் பெரும்பாலும் மேடையைப் பார்த்தபடி எழுதப்பட்டிருக்கிறது; இல்லையென்றால் மேடையிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் தம் நாடக மேடை நினைவுகளை எழுதினார். டி. கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கையை எழுதினார். இருவரும் மேடை ஏறியவர்கள். வசூலைப் பற்றியோ நஷ்டத்தைப் பற்றியோ பேசக் கூச்சப்பட்டவர்களும் அல்ல. ஆனாலும் வாசலில் டிக்கெட் கிழிப்பவன் நிற்கிற இடத்திலிருந்து, இன்னும் சொல்லப்போனால் டிக்கெட்டுக்குக் காசு தேறாமல் அந்த வாசலுக்கு வெளியே நின்றவன் இடத்திலிருந்து, எழுதப்பட்ட சரித்திரம் நம்மிடம் இல்லை. இதைப் பெரிய குறை என்று யாரும் நினைத்ததாகவும் தெரியவில்லை. ரசிகன் என்பவன் நம் விமர்சனத்தில் ஒரு மங்கலான பன்மை. ‘மக்கள் திரண்டனர்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் அவன் அடங்கிவிடுகிறான்.

என் எண்ணம் இது. இசை நாடகத்தின் உருவம் என்று இன்று நாம் சொல்லும் பலவும் — உச்ச ஸ்தாயியில் பாடுவது, விடியவிடிய நடப்பது, கதை ஓரமாக நின்றுவிட தர்க்கம் மட்டும் மணிக்கணக்கில் ஓடுவது, பபூனுக்கு ராஜபார்ட்டுக்குச் சமமான செல்வாக்கு இருப்பது — சங்கரதாஸ் சுவாமிகளின் ஏட்டிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. கொட்டகையில் மிக மலிவான இடத்தில் உட்கார்ந்தவன் கேட்டு வாங்கியவை. அவன் கொடுத்தது சில்லறைதான். ஆனால் அந்தச் சில்லறைக்கு ஈடாக ஒரு முழு இரவைக் கேட்டான். அந்தப் பேரத்தில் ஒரு கலையின் உருவமும் தீர்மானமாயிற்று.

இதைச் சொல்ல சங்கரன்கோவிலிலிருந்து தொடங்குவது வசதி. நாடக சரித்திரத்தில் இந்த ஊருக்கு இடமில்லை. பெரிய கம்பெனி எதுவும் இங்கே பிறந்ததாகப் பெயர் இல்லை. ஆனால் சுற்றிலும் பாருங்கள். மேற்கே செங்கோட்டை, எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்த ஊர். வடக்கே சிவகாசி, விஸ்வநாததாஸ் 1886இல் பிறந்த ஊர். கிழக்கே, கோவில்பட்டியையும் தாண்டிக் கடற்கரையில், தூத்துக்குடி. சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்தது அங்கே. பக்கத்திலேயே சென்னிகுளம். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் கழுகுமலை முருகனைப் பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் ஊர். அவர் காவடிச் சிந்தின் மெட்டுக்கள் பிறகு மேடை மேடையாக அலைந்தன. இத்தனைக்கும் நடுவில் பருத்தியும் வத்தலும் தறியுமாக ஒரு கோயில் ஊர். 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை இந்த ஊர் வழியாகப் போயிற்று. நாடகம் இங்கே பிறக்கவில்லை, வந்து போயிற்று. வந்து போகிற இடத்தில்தான் ஒரு கலைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும். பிறந்த இடத்தில் பெருமை வந்து கண்ணை மறைத்துவிடும்.

டிக்கெட் இல்லாத நாடகம் ஒன்று இந்த ஊரில் வெகுகாலமாக இருக்கிறது. ஆடித்தபசு. சங்கனும் பதுமனும் என்று இரண்டு நாகர்கள், ஒருவன் சிவனே பெரியவன் என்கிறான், மற்றவன் திருமாலே பெரியவன் என்கிறான். வழக்கு கோமதி அம்மனிடம் வருகிறது. அம்மன் தபசு இருக்கிறாள். பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். வழக்கு முடிகிறது, அல்லது முடிந்ததாக இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். தர்க்கத்தில் தொடங்கித் தரிசனத்தில் முடியும் இந்தக் கட்டமைப்பு வள்ளி திருமணத்தின் கட்டமைப்புக்கு எத்தனை நெருக்கம் என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். ஆடி மாதம் அந்தக் காட்சியின்போது சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் தாங்கள் விளைவித்த பருத்தியையும் வத்தலையும் சப்பரத்தை நோக்கி வீசுகிறார்கள். வீதியே அரங்கம். காசு கிடையாது. ஆனால் காசு கிடையாது என்பதால் வரிசை கிடையாது என்று அர்த்தமில்லை. யார் முன்னால் நிற்பது, யாருக்கு முதல் மரியாதை, யார் எந்தத் தெரு வரைக்கும் வரலாம் என்பதெல்லாம் டிக்கெட்டைவிடக் கறாராக எழுதி வைக்கப்பட்டிருந்த காலம் அது. பணம் கொடுத்து அந்த எழுத்தை அழிக்க முடியாது.

கொட்டகை வந்தபோது அழிக்க முடிந்தது. முழுதாக இல்லை, ஒரு ஓரத்தில். நாலு சுவரும் ஒரு வாசலும் வைத்து, வாசலில் ஒருவனை நிறுத்தி, காசு கொடுத்தவன் உள்ளே போகலாம் என்று சொல்வது நம் கலை வாழ்வில் புதிய காரியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்சி கம்பெனிகளைப் பார்த்து நம்மவர்கள் கற்றுக்கொண்டது திரைச்சீலையையும் ஆர்மோனியத்தையும் மட்டுமல்ல, டிக்கெட்டையும்தான். கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைப் பற்றி 1981இல் வந்த தம் நூலில், தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, வாங்கும் சக்தி என்றும் சொன்னார். சரியான அவதானம். ஆனால் அந்தப் பழக்கத்தின் ஒத்திகை நாடகக் கொட்டகையில் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் சில குரூரங்களும் இருந்தன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

கொட்டகை என்றால் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். கீற்றோ தகரமோ வேய்ந்த கூரை, பக்கத்தில் தட்டி, ஒரு மேடை, கியாஸ் லைட். நாற்காலி, பெஞ்சு, தரை என்று வகுப்புகள். பெண்களுக்குத் தனி இடம். நாற்காலிக்கு ரூபாய்க் கணக்கு என்றால் தரைக்கு அணாக் கணக்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று இருந்த நாட்களில் இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த தூரத்தை இன்றைய காசில் பெயர்த்துச் சொன்னால் விளங்காது. கூலிக்காரனின் ஒரு பகல் ஒரு பக்கமும் உத்தியோகஸ்தனின் வெற்றிலைச் செலவு மறுபக்கமும் வைத்து நிறுத்தால் ஓரளவு விளங்கும்.

நடத்துகிறவன் கான்ட்ராக்டர். ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாடு அவனுக்காகவே உண்டானது போலிருக்கும். கம்பெனி என்றால் முப்பது நாற்பது பேருக்குச் சோறு போட வேண்டும், சீன் சாமான்களை வண்டியில் ஏற்ற வேண்டும், ஒரே ஊரில் மாதக்கணக்கில் தங்கி நாடகம் மாற்றி நாடகம் போட வேண்டும். ஸ்பெஷலில் அந்தத் தொல்லை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன், பின்பாட்டு, மிருதங்கம் எல்லாம் தனித்தனி. ஒருவரையொருவர் அன்று மாலைதான் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம், அது போதும். 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர் அவர். 1922இல் புதுச்சேரியில் காலமானார். அதற்குப் பிறகும் அவருடைய பாடம் ஓர் அச்சடித்த ஒப்பந்தம் போல நடிகர்களைக் கட்டி வைத்தது. இதில் கான்ட்ராக்டர் வாங்குவது பெயர்களை. நோட்டீசில் இரண்டு பெயர் பெரிய எழுத்தில் இருந்தால் தரை நிரம்பும். நாற்காலி நிரம்பினால் கௌரவம், தரை நிரம்பினால் லாபம். இந்தச் சின்னக் கணக்குக்குள்தான் மலிவு டிக்கெட்காரனின் அதிகாரம் ஒளிந்திருந்தது.

சென்னையில் வேறு மாதிரி. 1891இல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபை வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமாகச் சேர்ந்த அமெச்சூர் சபை. நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் என்பதே அவர்களுடைய மரியாதை. ஷேக்ஸ்பியரைத் தமிழில் கொண்டுவந்தார்கள், பாட்டைக் குறைத்தார்கள், வசனத்தை வளர்த்தார்கள். இந்தச் சீர்திருத்தங்களை நாம் மெச்சிக்கொள்கிறோம். மெச்ச வேண்டியவைதான். ஆனால் தரையில் உட்கார்ந்தவனின் தயவு தேவைப்படாத ஒரு சபைக்கு அவை எவ்வளவு சுலபம் என்பதையும் பார்க்க வேண்டும். பாட்டைக் குறைக்கிறேன் என்று சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கான்ட்ராக்டர் அறிவித்திருந்தால் அவர் மறுநாள் பாத்திரம் பண்டத்தை அடகு வைத்திருப்பார்.

குரலுக்கு வருகிறேன். ஒலிபெருக்கி இல்லாத காலம். மேடைக்கு முன்னால் நாற்காலி, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் தரை. பொதுவாக இதுதான் அமைப்பு. முகமும் குரலும் விலைக்கு விற்கப்படும்போது கிட்டத்தில் இருப்பவன் அதிகம் கொடுக்கிறான். அதனால் மிகக் குறைவாகக் கொடுத்தவன் மிகத் தூரத்தில் இருந்தான். அவன் காதுக்கு எட்டாத பாட்டு அவனைப் பொறுத்தவரை ஏமாற்று. எழுந்து நின்று கத்திவிடுவான். எனவே நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி ஏறியது. கிட்டப்பாவின் சாரீரம் மூன்று ஸ்தாயியிலும் பேசியது என்று சங்கீதக்காரர்களே வியந்திருக்கிறார்கள். கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற தொண்டையைப் பிற்காலத்துச் சினிமாவில் கேட்டவர்களுக்கே அது எந்த அரங்கத்துக்காகப் பழகியது என்பது புரியும். நாம் இதைத் தெய்வம் தந்த சாரீரம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தெய்வம் தந்திருக்கலாம். அதைக் கடைசி வரிசைக்கு வீசப் பழக்கியது கடைசி வரிசைதான். கச்சேரி மேடையின் நிதானமான சுருதியை வைத்து நாடகப் பாட்டை ‘கத்தல்’ என்று ஒதுக்கிய வித்துவான்களுக்குத் தங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் என்ற கணக்கே தேவைப்படவில்லை.

அடுத்தது ஒன்ஸ்மோர். இந்த ஆங்கிலச் சொல் தமிழ்க் கொட்டகையில் அடைந்த பொருள் ஆங்கிலத்தில் அதற்கு இருந்ததில்லை. ஒரு விருத்தத்தை மூன்று முறை பாடவைப்பது ரசனையின் உச்சம் என்று ஒரு பக்கம் சொல்லலாம். மலிவு டிக்கெட்டில் மூன்று மடங்கு கறந்துகொள்ளும் சாமர்த்தியம் என்று இன்னொரு பக்கம் சொல்லலாம். இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கிக் கிழக்கு வெளுக்கும்போது முடியும் நாடகத்தில் கதைக்கு அவசரம் இல்லை. வண்டி கட்டிக்கொண்டோ நடந்தோ வந்தவன் நடு ராத்திரியில் திரும்பிப் போக முடியாது, அவனுக்கு விடியும் வரை ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதும் விடியவிடிய நடந்ததற்கு ஒரு காரணம். கலைக் காரணங்களை மட்டும் தேடுகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

தர்க்கம் இந்த நீளத்தில் விளைந்த பயிர். தினைப்புனத்தில் வள்ளி, வேடனாக வந்த முருகன். இருவரும் கேள்வி போட்டுக்கொள்கிறார்கள். எழுதிவைத்த பாடத்தில் அது கொஞ்சம்தான். மேடையில் சாஸ்திரம், இலக்கணம், உள்ளூர் வம்பு, முந்தின நாள் வேறு ஊரில் நடந்த நாடகத்தில் யார் யாரை மடக்கினார்கள் என்ற செய்தி எல்லாம் உள்ளே வந்துவிடும். யார் ஜெயித்தார்கள் என்பதைத் தீர்மானிப்பது கைதட்டல். கைதட்டல் அதிகம் வருவது தரையிலிருந்து. எழுத்தறியாதவன் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவன் யாப்புக்கும் சிலேடைக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்த சில ஆண்டுகளில் இந்த விளையாட்டு எட்டிய இடத்தை நேரில் கண்டவர்கள் சொல்லக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது.

ஒரு நட்சத்திர ஜோடி வருகிறது என்றால் டிக்கெட் பாடு என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். ஸ்பெஷல் நாடகத்தில் விலை நிலையானது இல்லை. பெயருக்குத் தக்கபடி ஏறும். ஏறும்போது நாற்காலிக்காரன் முணுமுணுப்பான், தரைக்காரன் வெளியில் நிற்பான். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாளின் கம்பெனி, முழுக்கப் பெண்களே நடித்த கம்பெனி, நாடகம் போட்டபோது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கூட்டம் கொண்டுவரத் தனி ரயில் விட்டார்கள் என்றும் அதற்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர் என்றும் காவேரிக் கரையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரிசல் பக்கத்தில் அந்தச் சொகுசு கிடையாது. இங்கே வண்டித்தடம்தான். வண்டி மாடு மேய, வண்டிக்கடியில் குழந்தைகள் தூங்க, டிக்கெட் எடுத்தவர்கள் மட்டும் உள்ளே போவார்கள்.

வெளியில் நின்றவர்களைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். தட்டிக்கு வெளியே நின்று கேட்பது தனி ஜாதி ரசனை. உள்ளே இருப்பவனுக்கு நடிப்பு, உடுப்பு, சீன், பாட்டு எல்லாம். வெளியே நிற்பவனுக்குப் பாட்டு மட்டும். ஐந்து கட்டைச் சாரீரத்துக்குத் தட்டி ஒரு தடையே இல்லை. ராத்திரி அடங்கிய ஊரில் அது எங்கேயோ போய் விழும். கடைசி வரிசைக்காக உயர்த்திய சுருதி கடைசி வரிசையோடு நிற்கவில்லை, காசில்லாதவனையும் போய்ச் சேர்ந்தது. மிக மலிவான டிக்கெட் என்பது அதுதான்.

ஆனால் வெளியே நின்றவர்கள் எல்லோரும் காசில்லாததால் நிற்கவில்லை. பஞ்சமர்களுக்கு இடமில்லை என்று அச்சடித்த நாடக நோட்டீசுகள் இந்தத் தமிழ்நாட்டில் ஒட்டப்பட்டிருக்கின்றன. பெருவியாதிக்காரர்களோடு ஒரே வரியில் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். கொட்டகை பிறப்பை அழித்துப் பணத்தை வைத்தது என்ற நம் வாக்கியம் இங்கே வந்து இடறி விழுகிறது. சில கொட்டகைகளில் சிலருடைய அணா செல்லாது. அப்படிப்பட்ட ஒரு கொட்டகையில் அன்று நந்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனையாகப் பாடி, பிறகு எல்லாக் கம்பெனிகளும் போட்ட கதை. கோயிலுக்கு வெளியே நிற்கிறவனின் ஏக்கத்தைச் சொல்லும் நாடகம். திருப்புன்கூரில் நந்தி விலகியது என்று உள்ளே பாடுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். வெளியே தட்டிச் சந்தில் கண்ணை வைத்து நிற்கிறவனுக்கு விலகிக்கொள்ள ஒரு நந்தியும் இல்லை. இந்த முரணைப் பற்றி அந்தக் காலத்து விமர்சனம் ஒரு வரி எழுதியிருந்தால் நம் நாடக விமர்சனத்துக்கு ஒரு முதுகெலும்பு இருந்திருக்கும்.

மேடைக்குள்ளும் அதே கதைதான். விஸ்வநாததாஸ் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த ஸ்திரீபார்ட்டுகள் இருந்தார்கள் என்று சொல்வார்கள். அதே தாஸ் முருகனாக வந்து கொக்குப் பாட்டைப் பாடினால் தரை எழுந்து நின்றது. வெள்ளைக் கொக்கு என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும், மேடைக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்க வந்திருக்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் கையிலிருந்தது. அவர் பல தடவை சிறை போனார். அந்தப் பாட்டுகள் கதைக்குச் சம்பந்தமில்லாதவை, நாடகத்தின் ஒருமையைக் கெடுப்பவை என்று அழகியல் பேசலாம். கேட்டு வாங்கியவன் தரை டிக்கெட்காரன். அவனுக்கு ஒருமை முக்கியமில்லை, அந்தப் பாட்டு முக்கியம். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டர் மேடையில், முருகன் வேஷத்தில், மயிலாசனத்தில் இருந்தபடியே தாஸ் உயிர் விட்டார். அந்த வேஷத்தோடேயே இறுதி ஊர்வலம் போயிற்று.

உள்ளே போக முடியாதவனுக்கு வேறு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாட்டுப் புத்தகம். மட்டமான காகிதத்தில், பிழையோடு, சில தம்பிடிக்கு. மெட்டின் பெயரை மேலே போட்டிருப்பார்கள். மெட்டு முன்னமே தெரியும் என்பதால் புத்தகமே நாடகமாகிவிடும். இன்னொன்று கிராமபோன் தட்டு. பெட்டி வாங்க வசதியில்லை, ஆனால் பெட்டி வைத்திருக்கும் கடை வாசலில் நிற்கக் காசு வேண்டாம். கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் இறந்தபோது அவரை மேடையில் பார்த்தவர்களைவிடத் தட்டில் மட்டும் கேட்டவர்கள் அதிகமாக இருந்திருக்கக்கூடும்.

பிறகு பேசும் படம். 1931இல் காளிதாஸ். அதற்குப் பின் வந்த சில வருஷங்களின் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் கொட்டகை நாடகங்களே. 1934இல் வந்த பவளக்கொடியில் மேடையில் அர்ஜுனனாக நடித்துக்கொண்டிருந்த தியாகராஜ பாகவதர் அதே வேஷத்தில் திரைக்கு வந்தார். 1935இல் நந்தனாராக நடிக்கச் சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் ஊர் ஊராகப் பேசப்பட்டது. அந்த லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கப்போவது யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. பதில் தரைதான். நாடகத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு ராத்திரியில் ஒரே ஊரில் இருக்க முடியும், எனவே டிக்கெட் ஏறும். படத்தில் ஒரே ராத்திரியில் ஐம்பது ஊரில் இருக்கலாம், எனவே டிக்கெட் இறங்கும். சுந்தராம்பாளை நேரில் காணக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து அவரைத் திரையில் காணலாம் என்றானபோது கரிசல்காட்டுக்காரன் எதைத் தேர்ந்துகொள்வான்? அவனைத் துரோகி என்று நாடகக்காரர்கள் மனம் புழுங்கிப் பேசியது நியாயமில்லை.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. பல ஊர்களில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் ஒரே கொட்டகை. ஆனால் சினிமாவில் தரை முன்னால் வந்துவிட்டது. திரையின் பக்கத்தில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், உருவம் கோணலாகத் தெரியும். எனவே கிட்டத்தில் இருப்பது மலிவு. நேற்று வரை கடைசியில் இருந்தவன் இன்று முதல் வரிசை. குரல் இனி அவனைத் தேடி வர வேண்டியதில்லை, எந்திரம் கொண்டுவந்து கொடுக்கிறது. அவனும் பாட்டை மறுபடி கேட்க முடியாது. ஒன்ஸ்மோர் என்று கத்தலாம், திரை திரும்பிப் பார்க்காது. விசிலும் காகிதத் துண்டுகளும் அந்த இயலாமையின் வடிவங்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முப்பதுகளின் படங்களில் ஐம்பது அறுபது பாட்டு இருந்ததும், நாற்பதுகள் முடிவதற்குள் அது வேகமாகக் குறைந்ததும் எப்படி என்பதை இந்தக் கோணத்திலிருந்தும் யாராவது ஆராயலாம். கேட்டு வாங்குபவன் இல்லாத இடத்தில் பாட்டின் எண்ணிக்கையை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

லண்டனில் 1599இல் எழும்பிய குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தவன் மேடையைச் சுற்றித் திறந்தவெளியில் நின்றான். கூரையும் பெஞ்சும் வேண்டுமென்றால் இன்னும் ஒரு பென்னி, மெத்தை வேண்டுமென்றால் மேலும் ஒன்று. நிற்கிறவன்தான் நடிகனுக்கு மிக அருகில் இருந்தான். ஷேக்ஸ்பியரின் கோமாளிகள் அவனைப் பார்த்துப் பேசினார்கள். நம் பபூன் ஒரு கையைக் காதருகே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசுவதை இதோடு வைத்துப் பார்க்கலாம். பின்னர் அங்கும் கட்டடம் மூடிக்கொண்டது, மெத்தை முன்னால் போயிற்று, பென்னிக்காரன் மேல்மாடத்துக்கு ஏற்றப்பட்டான். நியூயார்க்கில் இசை நாடகங்களின் டிக்கெட் விலை சாதாரண மனிதனுக்கு எட்டாமல் போனபோது, 1973இல் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு சாவடி வைத்து, அன்றைய ராத்திரிக்கு விற்காமல் மிஞ்சியதைப் பாதி விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். 1996இல் ‘ரென்ட்’ என்ற இசை நாடகம் பிராட்வேக்கு வந்தபோது முதல் இரண்டு வரிசையை இருபது டாலருக்குக் கொடுத்தார்கள். பசியும் வாடகை பாக்கியுமாக வாழும் இளைஞர்களைப் பற்றிய நாடகத்தை அப்படிப்பட்டவர்களே பார்க்க முடியாது என்பது கேவலமாக இருந்திருக்கிறது. வாசலில் ராத்திரி முழுக்கப் படுத்துக்கிடந்து டிக்கெட் வாங்கினார்கள். கூட்டம் தாங்காமல் பிறகு குலுக்கலாக மாற்றினார்கள். 2015க்குப் பின் ‘ஹாமில்டன்’ பத்து டாலர் குலுக்கலும் அதே வழிதான். குலுக்கல் என்பது தரை டிக்கெட் அல்ல. தரை டிக்கெட் ஓர் உரிமை, குலுக்கல் ஓர் அதிர்ஷ்டம். ஆனாலும் மலிவு இடத்தை மேடையின் காலடியில் போட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: முதல் வரிசையில் இருப்பவன் சத்தம் போடுகிறவனாக இருந்தால் நாடகம் நன்றாக நடக்கும்.

நம் நவீன நாடகம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது? 1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் பரீக்ஷா, அதே ஆண்டு மதுரையில் நிஜ நாடக இயக்கம் என்று வரிசையாகத் தொடங்கினார்கள். 1980இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் பட்டறை நடத்தினார். அவர் கல்கத்தாவில் டிக்கெட்டையே கைவிட்டு, நாடகம் முடிந்ததும் துணியை விரித்து, முடிந்ததைப் போடச் சொன்னவர். நம்மவர்கள் அவருடைய உடல் மொழியை எடுத்துக்கொண்ட ஆர்வத்தில் பாதியைக்கூட அந்தத் துணியின் மேல் காட்டவில்லை. நமக்குப் பார்வையாளர்கள் என்றால் நண்பர்கள். நண்பர்களுக்கு டிக்கெட் ஏது? அழைப்பிதழ்தான். அழைப்பிதழோடு வந்தவன் பாதியில் எழுந்து போக மாட்டான், கத்த மாட்டான், முடிந்ததும் கை குலுக்குவான். சிறுபத்திரிகையில் எழுதும் நமக்கும் இது பழகிப்போன இடம்தான். முந்நூறு பிரதியில் இருநூறைத் தபாலில் இலவசமாக அனுப்பிவிட்டு வாசகன் மௌனமாக இருக்கிறான் என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். காசு கொடுக்காதவனுக்குச் சண்டை போட என்ன அதிகாரம்?

ஸ்பெஷல் நாடகம் சாகவில்லை. மதுரையில் நடிகர் சங்கம் இருக்கிறது, தை பிறந்தால் கொடை விழாக்களுக்கு வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் போகின்றன. சங்கரன்கோவில், 2019 முதல் தென்காசி மாவட்டம் என்று ஆகிவிட்ட அந்தச் சுற்றுவட்டம், இதற்கு விலக்கல்ல. ஆனால் கொட்டகை போய்விட்டது, அதோடு டிக்கெட்டும் போய்விட்டது. ஊர்வரி போட்டு, விழாக் கமிட்டி முன்பணம் கொடுத்து, கோயில் திடலில் நாடகம். யார் வேண்டுமானாலும் பாயை விரித்து உட்காரலாம். பஞ்சமர் என்று அச்சடிக்க இன்று முடியாது; ஆனால் எந்தத் தெருக் கோயில் திடல், அது யாருடைய வரி என்பதில் பழைய வரிசை சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எந்த நாடகம், எந்த ஜோடி, டான்ஸ் எவ்வளவு நேரம், தர்க்கம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கமிட்டி தீர்மானிக்கிறது. மைக் வந்ததால் சுருதி இறங்கிவிட்டது. பாட்டு பிடிக்காதவன் சண்டை போடுவதில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். அவன் போனது கமிட்டியின் கணக்கில் நஷ்டமாக ஏறுவதில்லை.

நோட்டீஸ் இன்னும் அதே அமைப்பில்தான் அச்சாகிறது. மேலே அம்மன் படம், நடுவில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம். கீழே, முன்பு நாற்காலி இவ்வளவு, பெஞ்சு இவ்வளவு, தரை இவ்வளவு என்று விலை போட்டிருந்த இடத்தில், இப்போது நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள், தொகையின் வரிசைப்படி.